எதிரில் இல்லாதபோது ஒருவரைப் பார்ப்பது

தியானம், ஆழ்ந்த சிந்தனை மூலம் மனிதர்களையும் உலகத்தையும் இன்னும் முழுசாகப் பார்க்கப் பழக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் மனதைக் காலியாக்கி உட்கார்வதைவிட, ஒருவரை மனதுக்குள் கூட்டிவந்து நிறுத்துவதுதான் எனக்கு அதிகம் உதவுகிறது.

இரவு படுக்கும் முன் அன்று பார்த்த ஒருவரை நினைத்துக்கொள்வேன். நல்லவரா, கோபக்காரரா என்ற பேச்சே கூடாது. எப்படி நடந்து வந்தார், பேசும்போது கையை எங்கே வைத்திருந்தார், எந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்கினார், இவ்வளவுதான். ஆரம்பத்தில் திகைப்பாக இருக்கும். வருஷக்கணக்காகப் பழகியவரின் மூக்குக் கண்ணாடி என்ன நிறம் என்றுகூட ஞாபகம் வராது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவரைப் பற்றிய நம் அபிப்பிராயம் உட்கார்ந்திருக்கும். எது ஞாபகம் வரவில்லையோ, மறுநாள் கண் தானாக அங்கேதான் போகும்.

என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், எந்த வேலை வந்தாலும் "பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன்" என்பார். அவரை இப்படி நினைத்துப் பார்த்த பிறகுதான், அதைச் சொல்வதற்கு முன் அவர் மெல்ல மூச்சு விடுவது என் காதில் விழுந்தது. ஒருநாள் அந்த மூச்சு கேட்டதும், "அக்கா, இதை நான் செய்யட்டுமா?" என்றேன். மறுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முகத்தின் இடத்தில் அபிப்பிராயம் வந்து உட்கார்வது போலத்தான் நம் கண்ணின் அமைப்பும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த அகலம், ஏறக்குறைய 2 டிகிரி, அவ்வளவுதான் ஒரு சமயத்தில் துல்லியமாகத் தெரியும். கண் நொடிக்குச் சுமார் 3 தடவை தாவித் தாவிப் பொறுக்குகிறது. மிச்சத்தை மூளை ஏற்கெனவே தெரிந்ததை வைத்து நிரப்பிவிடுகிறது. 'பார்த்தாச்சு' என்ற எண்ணம் அவ்வளவு சீக்கிரம் வருவது இதனால்தான்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த விலங்கியல் பேராசிரியர் லூயி அகாசி, சாமுவேல் ஸ்கடர் என்ற மாணவரிடம் பதப்படுத்திய மீன் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் எல்லாம் பார்த்துவிட்டதாக ஸ்கடர் நினைத்தார். பூதக்கண்ணாடிக்கு அனுமதி இல்லை. சலித்துப்போய் வரைய ஆரம்பித்தபோதுதான் புதிதாகச் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. முக்கியமானதை விட்டுவிட்டாய் என்றார் பேராசிரியர். மீனின் இரண்டு பக்கமும் ஒத்திருக்கின்றன, உறுப்புகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன என்ற பதிலோடு ஸ்கடர் மறுநாள் காலையில்தான் வந்தார். மீன் முன்னால் இல்லாமல், தூக்கம் வராமல் யோசித்துக் கிடந்த இரவு கொடுத்த பதில் அது. இந்தச் சம்பவத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அந்த இரவுதான்.

சரி, யாரை வைத்து ஆரம்பிப்பது? கோபம் இருக்கும் ஆளை இப்போதைக்கு விடுங்கள். மனம் உடனே வழக்காடப் போய்விடும். விருப்பும் வெறுப்பும் இல்லாத, தினமும் கண்ணில் படுகிற ஒருவர் போதும். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கதை கட்டத் தோன்றும்போதெல்லாம், அவர் கைக்கும் குரலுக்கும் திரும்பி வாருங்கள்.