ஹள்ளியும் பள்ளியும்

அன்புள்ள ஐயா,

கோவில்பட்டியை விட்டு பெங்களூரு வந்து எட்டு வருடம் ஆகிறது. ராமமூர்த்தி நகரில் குடியிருக்கிறோம். மகனுக்கு 13 வயது, சிபிஎஸ்இ பள்ளியில் எட்டாம் வகுப்பு. இரண்டாம் மொழி இந்தி, மூன்றாம் மொழி கன்னடம். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தெருவில் கன்னடம் பொரிந்து தள்ளுகிறான், ஆனால் கன்னடப் பரீட்சையில் ஃபெயில். வீட்டில் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுக்குப் பத்து ரூபாய் அபராதம் என்று உண்டியல் வைத்தேன். முதல் மாதம் 340 ரூபாய் சேர்ந்தது. பிறகு காசு விழுவது நின்றது, அவன் பேச்சும் நின்றது.

லீவுக்கு ஊருக்குப் போனால் மாமா பிள்ளைகள் 'கன்னடத்துக்காரன் வந்துட்டான்' என்கிறார்கள். இங்கே வகுப்பில் 'தமிழ்ப் பையன்'. 'எந்த ஊர்னு கேட்டா நான் என்ன சொல்றது?' என்று அவன் அம்மாவிடம் கேட்டிருக்கிறான். கன்னட டியூஷனை நிறுத்திவிட்டுத் தமிழ் டியூஷன் வைக்கலாமா? வயது தாண்டிவிட்டதா?

கு., பெங்களூரு

அன்புள்ள கு.,

முதலில் அந்த உண்டியலை எடுத்து உள்ளே வையுங்கள். 340 ரூபாயையும் அவனிடமே கொடுத்துவிடுங்கள். அபராதம் ஆங்கிலத்தைக் குறைக்கவில்லை, பேச்சைத்தான் குறைத்தது. பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பேசாமல் இருப்பது சுலபம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும்.

அவன் ஏன் ஆங்கிலத்துக்குத் தாவுகிறான் என்று பாருங்கள். அவனுடைய தமிழ் ஐந்து வயதில் கோவில்பட்டியில் இருந்து கிளம்பிய தமிழ். சாப்பிடு, குளி, தூங்கு, சட்டையைப் போடு என்பவற்றோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவன் தெரிந்துகொண்டதெல்லாம் வேறு மொழிகளில் வந்தது. ஆஃப்சைடு, அமிலம், நண்பனோடு சண்டை, வகுப்பில் பட்ட அவமானம் எதையும் யாரும் அவனிடம் தமிழில் பேசியதில்லை. கேட்காத சொல் வாயில் வராது. இது திமிர் இல்லை, சரக்கு இல்லாததுதான். ஆகவே நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், அவன் எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லட்டும். அவன் சொன்னதைத் திருத்தாமல், உங்கள் அடுத்த கேள்விக்குள் தமிழாக வைத்துத் திருப்பிக் கொடுங்கள். 'மேட்ச் கேன்சல் ஆயிடுச்சு, ரெயின்' என்று அவன் சொன்னால், 'மழையில ஆட்டம் நின்னு போச்சா? பாதியில நின்னா யாரு ஜெயிச்சதுன்னு எப்படி முடிவு பண்ணுவாங்க?' என்று கேளுங்கள். கேள்வி நிஜமாக இருக்க வேண்டும். பாடம் நடத்துகிறீர்கள் என்று மோப்பம் பிடித்துவிட்டால் அன்றோடு முடிந்தது.

கன்னட டியூஷனை நிறுத்தாதீர்கள். கர்நாடகத்தின் 2015 சட்டப்படி சிபிஎஸ்இ பள்ளியானாலும் கன்னடம் படித்தே ஆக வேண்டும். அது கிடக்கட்டும். உங்கள் பையன் தமிழுக்குள் வரப் பக்கத்திலேயே இருக்கும் வாசல் கன்னடம்தான். அதை அடைத்துவிட்டு வேறு வாசல் தேடுவது வீண் வேலை.

தெருவில் சரளம், பரீட்சையில் ஃபெயில் என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஜிம் கம்மின்ஸ் என்ற மொழியியலாளர் 1979-இல் இதைப் பிரித்துக் காட்டினார். புது மொழியில் விளையாட்டுப் பேச்சு ஏறத்தாழ இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக மொழியில் மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் வரை ஆகலாம். உங்கள் பையன் தெருவில் 'பர்தீனி' என்கிறான், பரீட்சைத் தாள் 'பருத்தேனெ' கேட்கிறது. நாம் 'வர்றேன்' என்று பேசி 'வருகிறேன்' என்று எழுதுவது போலத்தான். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இந்தப் பள்ளம் இரண்டு மொழியிலும் இருக்கிறது. தமிழில் இன்னும் ஆழம்.

அதனால் ஒரே நோட்டில் நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள். பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ், பேச்சுக் கன்னடம், எழுத்துக் கன்னடம். போறேன், போகிறேன், ஹோக்தீனி, ஹோகுத்தேனெ. சொல்றேன், சொல்கிறேன், ஹேள்தீனி, ஹேளுத்தேனெ. தமிழ் எழுத்து வரும்வரை தமிழ்க் கட்டங்களையும் கன்னட எழுத்திலேயே எழுதட்டும், அதில் தப்பே இல்லை. நாளைக்கு ஒரு வினை வீதம் இருபது வினைகள். இதில் கன்னட மார்க்கும் ஏறும், தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் வேற்று மொழி போலத் தெரிவதும் குறையும். தமிழ் டியூஷனில் சேர்த்த பிள்ளைகள் மூன்றாம் மாதம் ஓடிவிடுவதற்குப் பெரிய காரணம், வீட்டில் கேட்ட தமிழும் புத்தகத் தமிழும் ஒன்றுதான் என்பதை யாரும் காட்டிக்கொடுக்காததுதான்.

இனி ஊர்ப் பலகைகளுக்கு வருவோம். மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி என்று தினமும் பார்க்கிறான். அந்த ஹள்ளியும் திருச்சிராப்பள்ளியில் இருக்கும் பள்ளியும் ஒரே சொல். பழங்கன்னடத்தில் பகரமாக இருந்தது, பத்தாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கி மெல்ல மெல்ல ஹகரமாக மாறியது. பால் ஹாலு, பல் ஹல்லு, பாம்பு ஹாவு, பூ ஹூவு, பத்து ஹத்து, பெண் ஹெண்ணு, பன்றி ஹந்தி. புலி ஹுலி, புளி ஹுளி. இங்கே லகர ளகரம் கூடத் தப்பாமல் நிற்கிறது. இன்னொரு வாசல், நம் வகரம் அங்கே அழுத்தமில்லாத பகரம். வெண்ணெய்தான் 'பெண்ணெ' தோசையில் உருகுகிறது. வெல்லம் பெல்ல, வெள்ளி பெள்ளி, வில் பில்லு, வேண்டும் பேக்கு, வேண்டாம் பேடா. மூன்றாவது, நம் சகரம் சில சொற்களில் அங்கே ககரம். செவி கிவி. பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடாவின் 'கெம்ப' நம் செம்மைதான். நகைக்கடையில் நாமே கெம்புக்கல் என்கிறோமே, அது அங்கிருந்து வந்த சொல்.

மூன்று விதியையும் சொல்லிவிட்டு ஐம்பது கன்னடச் சொற்களை அவன் கையில் கொடுங்கள். தமிழ்ச் சொல்லை அவனே கண்டுபிடிக்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மொழிப்பற்றைவிடப் புதிர் பிடிக்கும். விதி தவறும் இடங்களும் வரும். பேட்டை அங்கேயும் பேட்டெதான், சிக்பேட்டைப் பாருங்கள். பொருள் நழுவும் இடங்களும் உண்டு. ஹள்ளி கிராமம், நம் பள்ளி பள்ளிக்கூடம். மனெ என்றால் வீடு, நம் மனை வீடு கட்டாத இடம். இவற்றைத் தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எழுத்து. 247 என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, பிறகு குறிகள். உயிர்க்குறி மெய்யோடு சேரும் தத்துவம் கன்னட எழுத்தால் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். உகர, ஊகார வரிசைகளை மட்டும் (கு, சு, டு, து...) உருப்போட வேண்டும், அங்கே ஒரே ஒழுங்கு கிடையாது. அகரத்தில் தொடங்கி ஔ வரை போகிற பழைய பாதையில் முதல் வாரம் படிக்கச் சொற்கள் அதிகம் அமையாது. ட, ப, ம, ய, ர ஐந்தும் புள்ளியும் போதும், முதல் நாளே படம், மரம், பட்டம், பயம் படித்துவிடுவான். அடுத்து க, த, ல, வ, ச, கூடவே ஆகாரக் கால். பாடம், காலம், தவம், வாரம். நாளைக்கு இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் எட்டு முதல் பத்து வாரத்தில் தட்டுத்தடுமாறி ஒரு பத்தி படிப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் என்பது வேலைக்காகாது. அடுத்த ஞாயிறுக்குள் பாதி போய்விடும்.

எங்கே இடறுவான் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கன்னடத்தில் இரட்டிக்கும் எழுத்து கீழே ஒட்டிக்கொள்ளும், புள்ளி கிடையாது. அதனால் தமிழில் புள்ளியை மறப்பான், 'அமமா' என்று எழுதுவான். திட்ட வேண்டாம், எழுதி முடித்ததும் புள்ளிக்காக மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்பது அவனுக்குப் புதிது. 'கொ'வில் இரண்டு பக்கமும் காவல் நிற்பது இன்னும் புதிது. அதைவிடப் பெரிய இடறல் ககரம். கன்னடத்தில் கடினத்துக்கு ஒன்று, மென்மைக்கு ஒன்று என்று தனித்தனி எழுத்து. தமிழில் ஒன்றே. 'இது எந்த க?' என்று கேட்பான். நல்ல கேள்வி, பதிலும் உண்டு: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை (கல், பக்கம்), மெல்லினத்துக்குப் பின் அழுத்தம் தளரும் (தங்கம்), உயிருக்கு நடுவே இன்னும் இளகும் (அகம்). டகரம், தகரம், பகரத்துக்கும் பெரும்பாலும் இதே கணக்கு. வேற்றுமொழிச் சொற்களில் மட்டும் கணக்கு உதைக்கும்.

ழகரமும் றகரமும் பழங்கன்னடத்தில் இருந்தன, இப்போது இல்லை. வாழை அங்கே பாளெ, மழை மளெ, கோழி கோளி. அவன் ழகரத்தை ளகரமாகச் சொன்னால் பெரிதுபடுத்தாதீர்கள், தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுத்தில் மட்டும் பிரித்துக் காட்டுங்கள். ஃபோனில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் வகை வேண்டாம், ன, ண, ந வித்தியாசத்தை அதுவே தீர்மானித்துவிடும், அவனுக்குக் கை பழகாது. தாத்தா வீட்டுப் பழைய புத்தகங்களில் லை, னை, றா எல்லாம் வேறு உருவத்தில் இருந்தால் குழம்புவான். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததைச் சொல்லி, புதிய அச்சைக் கொடுங்கள்.

முதலில் படிக்க நீதிக்கதை வேண்டாம். ஆச்சி ஃபோனில் பேசுவதை நான்கு வரி அப்படியே எழுதட்டும், 'என்னப்பா, சாப்ட்டியா' என்றே. பேச்சுத் தமிழை எழுத்தில் பார்ப்பது அவனுக்குப் பாலம். அதற்குப் பிறகு எழுத்துத் தமிழுக்கு வரட்டும்.

மாமா பிள்ளைகள் ஏன் சிரிக்கிறார்கள் என்பதற்குத் துல்லியமான காரணங்கள் இருக்கும், கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கன்னடத்தில் 'நாவு' ஒன்றுதான், நாம், நாங்கள் என்ற பிரிவு இல்லை. அதனால் அவன் அவர்களைப் பார்த்தே 'நாங்க சினிமாவுக்குப் போலாமா' என்று கேட்டிருப்பான். கேட்டவர்களை விட்டுவிட்டுப் போகிறான் என்று ஆகிவிட்டது. இன்னொன்று, 'நனகெ ஆகல்ல' என்பதை 'எனக்கு ஆகாது' என்று பெயர்ப்பது. 'என்னால முடியாது' என்று சொல்ல நினைத்தவன், 'எனக்கு ஒத்துக்காது' என்று சொல்லிவிடுகிறான். இப்படி நான்கைந்துதான் இருக்கும். அவனுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். மாமாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பிள்ளைகள் சிரிப்பதைப் பெரியவர்கள் கேட்டும் கேட்காதது போல இருப்பதுதான் மோசம்.

எந்த ஊர் என்ற கேள்விக்கு அவன் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'பெங்களூரு, வீட்டுல தமிழ்' என்பது முழுமையான பதில். 2011 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 21 லட்சம். வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் எழுதி 1983-க்கான ஞானபீடம் பெற்றார். மைசூரில் வளர்ந்த ஏ.கே. ராமானுஜனுக்கு அம்மாவிடம் தமிழ், தெருவில் கன்னடம், அப்பாவின் மாடி அறையில் ஆங்கிலம். சங்கக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் அந்த வீட்டிலிருந்து வந்தவர்தான். காவிரிச் சமயங்களில், 1991-இலும் 2016-இலும், பஸ்ஸில் தமிழ் பேசக் குரலைத் தாழ்த்திய குடும்பங்கள் நிறைய. அந்தப் பயம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே போய்ச் சேர்கிறது, அதையும் மறைக்காமல் அவனோடு பேசுங்கள். அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு மாலை கூட்டிப்போங்கள். அங்கே திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை. அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலேயே 1950 முதல் இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், அங்கே வகுப்பு நடக்கிறதா என்று நேரில் கேளுங்கள். சான்றிதழோடு முறையாகப் படிக்க விரும்பினால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் மழலை நிலையிலிருந்து படிப்படியாகப் பாடங்கள் உண்டு. அதெல்லாம் எழுத்து கைவந்த பிறகு, அவனே கேட்டால்.

வயது தாண்டவில்லை. கோடை விடுமுறையில் இரண்டு வாரம் அவனைக் கோவில்பட்டிக்கு அனுப்புங்கள். அங்கே பஸ் ஸ்டாண்டில் பலகை படித்து, எட்டயபுரம் பஸ்ஸில் தானே ஏறி, போய்த் திரும்புவது அவன் வேலை. நீங்கள் கூடப் போகாதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் பலகையை உங்களிடம்தான் கேட்பான்.