ரத்தம் குறைவு: எந்த இரும்பு மாத்திரை வாங்குவது?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 42. ஹீமோகுளோபின் 8.6, ஃபெரிட்டின் 7. மூன்று மாதத்துக்கு முன் மதுரையில் ஒரு டாக்டர் இரும்பு, கால்சியம், கேஸ் மாத்திரை மூன்றும் எழுதிக் கொடுத்தார். வயிறு பிரட்டியது, மலம் கறுத்தது; பத்தே நாளில் நிறுத்திவிட்டேன். மருந்துக் கடையில் டானிக் கொடுத்தார்கள். நாத்தனார் 1,850 ரூபாய்க்கு ஒரு சத்து டப்பா விற்கிறார், "இயற்கை இரும்பு" என்கிறார். ஒரு கிளினிக்கில் இரண்டு பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். எதை நம்புவது? கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் 10.4தான். இரண்டு வருடமாக டானிக் குடிக்கிறாள், ஏறவே இல்லை. அவளுக்கும் நான் சாப்பிடுவதையே கொடுக்கலாமா? அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளையும் அனுப்பியிருக்கிறேன். படிப்பு முடிந்ததும் அவளை என் அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு.

பதில்: முதலில் உங்கள் விஷயம். ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் அளவு; 7 என்றால் சேமிப்பு ஏறக்குறைய காலி. நீங்கள் வாங்க வேண்டியது ஃபெரஸ் சல்பேட் அல்லது ஃபெரஸ் ஃபியூமரேட். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த, பழைய வகை இரும்பு மாத்திரை அதுதான். விளம்பரம் கிடையாது, விற்றால் கடைக்காரருக்குப் பெரிய லாபமும் கிடையாது. அதனால்தான் கேட்டால் "அது இப்போது வருவதில்லை" என்ற பதில் வரும். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரையும் இதே வகைதான்: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இலவசமாகக் கிடைப்பதாலேயே அதை மட்டமாக நினைத்து, வாங்கி வந்து அலமாரியில் போட்டு வைக்கிறார்கள். கொடுப்பவர்களும் ஒரு காகிதத்தில் கொட்டி நீட்டுவதோடு சரி. எப்போது, எதனோடு, எத்தனை நாள் என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. மாத்திரைக்கு அரசு செலவழித்தாயிற்று. சொல்வதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டியிருந்திருக்காது.

எதை வாங்கினாலும் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். "எலமென்டல் அயர்ன்" என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் உண்மையான இரும்பு. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது, இரும்பும் வேறு பொருளும் சேர்ந்த உப்பின் மொத்த எடை. ஃபெரஸ் சல்பேட் 200 என்று போட்ட மாத்திரையில் இரும்பு சுமார் 60தான். ஃபியூமரேட் 300 என்றால் சுமார் 100. உங்களுக்கு ஒரு வேளைக்கு 60 முதல் 100 வரை போதும்; இரண்டு மூன்று வேளை வேண்டாம். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து குடலின் வாசலைச் சாத்திவிடும், ஏறக்குறைய ஒரு நாளைக்கு. சாத்திய கதவின் முன்னால் இன்னொரு மாத்திரையைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது வயிற்றைத்தான் கலக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையில் இருந்தும் உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்கிறது என்று சுவிட்சர்லாந்தில் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. இருந்தும் "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று எழுதும் பழக்கம் டாக்டர்களான எங்களில் பலரை விடவில்லை. உங்களுக்கு நாளுக்கு ஒன்று. வயிறு முரண்டு பிடித்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். நிறுத்த மட்டும் கூடாது.

உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதில் மாத்திரையின் குற்றம் பாதிதான். மீதி, அந்த மூன்றையும் சேர்த்து விழுங்கியது. கால்சியம் இரும்பை உள்ளே விடாமல் மறிக்கும். கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைக்கும். இரும்பு கரைவதற்கே அந்த அமிலம் வேண்டும். ஒரே சீட்டில் ஒன்றை எழுதி, அதை வேலை செய்ய விடாத இரண்டையும் பக்கத்திலேயே எழுதுவது எங்கள் தொழிலில் தினமும் நடக்கிறது. கால்சியத்தை இரவுக்குத் தள்ளுங்கள். கேஸ் மாத்திரையை உங்களுக்கு வயிற்றுப்புண் இருந்ததால் எழுதினாரா, சும்மா துணைக்கு எழுதினாரா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள். துணைக்கு என்றால் தேவையில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதற்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

காலையில் எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை. டீ ஒரு மணி நேரம் கழித்து. நம் ஊரில் இதைச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே தெருமுனையில் பாய்லர் கொதிக்கிறது. ஆனாலும் மாத்திரையை டீயோடு விழுங்குவது இரும்பைக் காசு கொடுத்து வாங்கிக் கழிவறையில் போடுவதற்குச் சமம். வெறும் வயிற்றில் தாங்கவில்லை என்றால் சாப்பிட்ட பிறகு எடுங்கள். கொஞ்சம் குறைவாகச் சேரும், பாதகமில்லை. எலுமிச்சைச் சாறு குடித்தால் நல்லது. அதற்கென்று தனியாக வைட்டமின் சி மாத்திரை வாங்க வேண்டாம். மலம் கறுப்பது, குடலில் மிஞ்சிய இரும்பு வெளியே வருவது. பயப்பட ஒன்றுமில்லை. தார் போல ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தால் மட்டும் உடனே வாருங்கள்.

"வயிற்றைக் கெடுக்காத இரும்பு" என்று விலை கூட்டி விற்கும் சில மாத்திரைகள் வயிற்றைக் கெடுக்காததற்குக் காரணமே வேறு. மெதுவாகக் கரையும்படி மேல்பூச்சு போட்டிருப்பார்கள். இரும்பை உறிஞ்சுவது சிறுகுடலின் ஆரம்பப் பகுதி. அதைத் தாண்டிப் போய்க் கரைந்தால் வயிறு நிம்மதியாக இருக்கும், ரத்தமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்து டானிக். 200 மில்லி பாட்டில், நாளுக்கு 15 மில்லி என்றால் 13 நாளில் தீர்ந்துபோகும். உங்களுக்கு வைத்தியம் ஐந்தாறு மாதம். எத்தனை பாட்டில் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பல்லில் கறையும் படியும். மாத்திரை விழுங்கத் தெரியாத குழந்தைகளுக்கு டானிக் சரி, உங்களுக்கு எதற்கு? நாத்தனாரின் டப்பாவைத் திருப்பினால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கும். அது உணவுப்பொருளுக்கான உரிமம், மருந்துக்கானது அல்ல. ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று நாத்தனாரிடம் கேளுங்கள். பதில் வராது. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று ஒவ்வொரு படியிலும் கமிஷன் போய்க்கொண்டிருக்கும். அந்த 1,850 ரூபாய் அதற்குத்தான். சொந்தத்துக்காக வாங்கியே தீர வேண்டுமென்றால் ஒரு டப்பாவோடு நிறுத்திக்கொண்டு, மாத்திரையைத் தனியாகச் சாப்பிடுங்கள்.

பாட்டில் ஏற்றும் கதை இன்னும் மோசம். போன மாதம் ஒரு அம்மா வந்தார். புறங்கையில் மூன்று இடத்தில் ஊசித் தழும்பு. "மூன்று நாள் ரத்தம் ஏற மருந்து போட்டார்கள் ஐயா, ஏறவில்லை" என்றார். பாட்டில் என்ன நிறம் என்று கேட்டேன். மஞ்சள் என்றார். அது குளுக்கோஸில் கலந்த பி காம்ப்ளெக்ஸ். இரும்பு ஊசி கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருக்கும், அயர்ன் சுக்ரோஸ் என்றால் சலைனில்தான் கலப்பார்கள். உங்கள் எடை 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பற்றாக்குறை ஏறக்குறைய 1,200 மில்லிகிராம். அயர்ன் சுக்ரோஸ் ஒரு வேளைக்கு 200 என்ற கணக்கில் ஆறு முறை ஏற்ற வேண்டும். இரண்டு பாட்டிலில் எப்படிச் சரியாகும்? மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டும் ஏறாதவர்களுக்கு ஊசி நல்ல வைத்தியம்தான். ஆனால் ஒவ்வாமை வந்தால் சமாளிக்க வசதியுள்ள மருத்துவமனையில் போட வேண்டும், மாடிப்படிக்கு அடியில் கட்டில் போட்ட இடத்தில் அல்ல.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்பேட்டையில் ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வாங்கி மிளகு போட்டு வதக்கிக் கொடுத்த நம் பாட்டிகளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அதில் இருக்கும் இரும்பு கீரை இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதோடு சரி. எப்படியும் 8.6ஐச் சாப்பாட்டால் மட்டும் தூக்கிவிட முடியாது.

மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு வரை ஏற வேண்டும். அதற்கு முன்பே வேறோர் அடையாளம் தெரியும். என்னிடம் வரும் பெண்களில் சிலர் சுருக்குப் பையில் பச்சரிசி வைத்து மென்றுகொண்டே இருப்பார்கள். சிலருக்கு விபூதி, சிலருக்குச் சிலேட்டுக் குச்சி. இரும்பு உள்ளே போக ஆரம்பித்ததும் அந்த ஆசை தானாக நின்றுவிடும். உங்களுக்கு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹீமோகுளோபின் 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடருங்கள். அதுவரை சேமிப்பு நிறையாது. இன்னொன்று: ஃபெரிட்டின் 7 வரை இறங்கியது ஏன்? நீங்கள் எழுதவில்லை, உங்களைப் பார்த்தவரும் கேட்டதாகத் தெரியவில்லை. மாதவிடாய் எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா, மூலத்தில் ரத்தம் வருகிறதா? ஓட்டையை அடைக்காமல் குடத்தை நிரப்ப முடியாது. ஒரு மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன் பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் மகள். அவளுக்கு இதையே கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய தாளில் எல்லோரும் ஹீமோகுளோபின் வரியை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். நான்கு வரி கீழே போங்கள். எம்.சி.வி. 62. அதாவது சிவப்பணு ஒவ்வொன்றும் மிகச் சிறியது. 80க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 5.6 மில்லியன், குறையவே இல்லை. இரும்பு இல்லாவிட்டால் பெரும்பாலும் அளவும் குறையும், எண்ணிக்கையும் குறையும். 62ஐ 5.6ஆல் வகுத்தால் 11 சொச்சம். 13க்குக் கீழே வந்தாலே தலசீமியா மைனர் இருக்கலாம் என்று நாங்கள் சந்தேகப்படுவோம். இரண்டு வருட டானிக்கில் அசையவில்லை என்பதும் அதோடு பொருந்துகிறது.

பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். தலசீமியா என்பது உடம்பு ஹீமோகுளோபினைச் சரியாக உருவாக்காத பரம்பரைக் குறை; மைனர் என்பது நோயே அல்ல, பிறவியில் வந்த ஓர் இயல்பு. சாகும்வரை 10, 11 என்று இருந்துகொண்டு வயல் வேலை பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் ஃபெரிட்டின் சரியாக இருக்கும்போது வருடக்கணக்கில் இரும்பு கொடுத்தால் தேவையில்லாத இரும்பு உடம்பில் சேரும். ஃபெரிட்டினும் குறைவாக இருந்தால் அவளுக்கும் இரும்பு வேண்டும், ஏறும்வரை. அதனால் ஒரே முறை ரத்தம் எடுத்து ஃபெரிட்டின், ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஏ2 இரண்டையும் பாருங்கள். ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் தலசீமியா மைனர் உறுதி. இரும்பு குறைவாக இருக்கும்போது ஏ2 சில சமயம் குறைத்துக் காட்டும். அப்படியானால் இரும்பு ஏறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். உங்களுக்கும் அதே காரணத்தால் இப்போது அந்தப் பரிசோதனை வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

இதை இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரி. மகளுக்கு இது இருந்தால் உங்களிடமிருந்தோ அவள் அப்பாவிடமிருந்தோதான் வந்திருக்கும். உங்களிடமிருந்து என்றால் உங்கள் அண்ணனுக்கும் இருக்கலாம், அவர் மகனுக்கும் இருக்கலாம். கணவன் மனைவி இருவருக்கும் மைனர் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்குத் தலசீமியா மேஜர் வர வாய்ப்பு. அந்தக் குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. மாமன் மகன், அத்தை மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பேசி முடிக்கும் நம் பக்கத்தில் ஜாதகத்தைப் பத்து இடத்தில் காட்டுகிறோம், இந்த ஒரு பரிசோதனையை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

பேச்சை முறிக்கச் சொல்லவில்லை. மகளின் பரிசோதனை முடிவு வரட்டும். அவளுக்கு இருந்தால் பையனுக்கும் எடுங்கள். பையனுக்கு இல்லையென்றால் குழந்தைக்கு மேஜர் பயம் இல்லை, தாராளமாகப் பாக்கு வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம். அண்ணனிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அப்படியே காட்டுங்கள். டாக்டர் சொன்னார் என்றால் கோபம் என் மேல் போகட்டும். அதுவரை மகளின் டானிக் பாட்டிலை மூடி வையுங்கள்.