விசாரித்தது யார்?

கேள்வி: எனக்கு 34 வயது. மனைவி, 6 வயது மகன். நான்கு வருடங்களில் ஏழெட்டுப் பயணங்கள் போய்வந்துவிட்டோம். ஒரு பயண பிளாக் ஆரம்பிக்க ஆசை. 'தனிவழிப் பயணி' என்று பெயர் யோசித்திருக்கிறேன். தனியாக ஊர் சுற்றுபவர்களுக்குத்தான் இப்போது மவுசு என்கிறார்கள். டொமைனுக்கு, அதாவது அந்தப் பெயரிலான இணைய முகவரிக்கு, இன்னும் பணம் கட்டவில்லை. பிளாக் எழுதும் தளங்களில் பிளாக்கரா, வேர்ட்பிரஸா? நல்ல கேமரா வாங்க வேண்டுமா? எத்தனை மாதத்தில் வருமானம் வரும்? வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கலாமா? எழுத உட்கார்ந்தால் 'இயற்கை எழில் கொஞ்சும்' என்பதைத் தாண்டி எதுவும் வர மாட்டேன் என்கிறது. செலவுக் கணக்கு, ரயில் நேரம் மாதிரி விஷயங்களை மனைவி ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பாள், தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். வழிகாட்டுங்கள்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, வழக்கமாக வரும் கடிதம் என்றுதான் நினைத்தேன். பெயர், கேமரா, வருமானம், வேலையை விடலாமா என்று இதே கேள்விகளை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவைதான் அந்த நோட்டு கண்ணில் பட்டது. துணிந்து இறங்குங்கள் என்று முதுகில் தட்டிக்கொடுப்பேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். தட்டிக்கொடுக்கும்படி இன்னும் எதுவும் நடக்கவில்லை.

'தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.' இந்த இரண்டு வார்த்தைகளை எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லையா? ஏழெட்டுப் பயணம். ஒவ்வொன்றிலும் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை. அத்தனைக்கும் நடுவில் ஒருத்தி நின்று பேனாவைத் திறந்து எழுதியிருக்கிறாள். ஒரு தடவை ஆசைக்கு எழுதியவள் இல்லை. நான்கு வருடமாக விடாமல் எழுதுகிறாள். பயண எழுத்துக்கு அந்தப் பழக்கம் ஒன்றுதான் மூலதனம். உங்களிடம் இருப்பது ஆசையும் ஒரு பெயரும். அப்படியானால் உங்கள் வீட்டில் பிளாக் எழுதக்கூடியவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்களுக்கு ஏன் 'இயற்கை எழில் கொஞ்சும்' மட்டும் வருகிறது தெரியுமா? அந்த இடத்தில் நீங்கள் கவனித்தது அவ்வளவுதான். மற்றதைக் கவனிக்க வேறு ஆள் இருந்தாள். ரயில் எத்தனை நிமிடம் தாமதம், டிக்கெட் கவுண்டர் எந்தப் பக்கம், பையனை உட்காரவைக்க நிழல் எங்கே, கழிப்பறை திறந்திருந்ததா: இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாமலே நடந்து முடிந்தன. நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் ஒன்றும் பெரிய நியாயஸ்தன் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்கு என் முதல் பயணக் கட்டுரை எழுதினேன். நானும் அக்காவும் போன ஒரு மலையூர். அக்காவிடம் கையடக்கமாக ஒரு நோட்டு இருக்கும். அதில் ஒரு பக்கம் இன்னும் கண்முன் நிற்கிறது: 'இடதுபுற வாசல். வலதில் போனால் படி அதிகம். கடைசி பஸ் 5.40. போர்டில் 6 என்று தப்பாகப் போட்டிருக்கிறது. நம்ப வேண்டாம்.' இதையெல்லாம் டிரைவரிடம் கேட்டு அவள் எழுதிக்கொண்டபோது நான் ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டிருந்தேன். கட்டுரையில், 'விசாரித்ததில், மேலே போக இன்னொரு வழி இருப்பது தெரியவந்தது' என்று கம்பீரமாக ஒரு வரி போட்டிருந்தேன். அச்சில் வந்ததும் அக்கா முழுதும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "விசாரிச்சது யாரு?" என்று கேட்டாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்புறமும் அக்கா என்னோடு ஊர்களுக்கு வந்தாள். நோட்டை மட்டும் எடுத்து வருவதில்லை. நான் எழுதிய அடுத்த கட்டுரையை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். ஓரத்தில் பென்சிலால் 'நிஜமாகவே போனீர்களா?' என்று ஒரு குறிப்பு.

குறிப்பு இல்லாமல் எழுத உட்கார்ந்தால் எவ்வளவு பெரிய பயணியும் கடன் வாங்கத்தான் வேண்டியிருக்கும். இபின் பதூதா 1325-இல் மொராக்கோவின் டாஞ்சியரிலிருந்து கிளம்பி ஏறக்குறைய 30 வருடம் சுற்றியவர். வழியில் எழுதி வைத்திருந்த சில குறிப்புகளைக் கடலில் கொள்ளையர்களிடம் பறிகொடுத்ததாக அவரே சொல்கிறார். ஊர் திரும்பிய பிறகு அவர் சொல்லச் சொல்ல இபின் ஜுஸய் என்பவர் எழுதினார். டமாஸ்கஸ், மெக்கா பற்றிய பகுதிகளில், 1183-இல் பயணம் கிளம்பிய இபின் ஜுபைர் எழுதியது எடுத்தாளப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் பிற்பாடு கண்டுபிடித்துவிட்டார்கள். புதிதாக பிளாக் தொடங்குகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டு ஐந்தாவதாக அதையே எழுதுகிறார்கள். உங்கள் வீட்டு நோட்டை எந்தக் கொள்ளையனும் தூக்கிப் போகவில்லை. அலமாரியில்தான் இருக்கிறது.

அடுத்தது, 'தனிவழிப் பயணி'. இதற்கு எனக்குக் கோபமே வந்தது. மனைவி, மகனோடு போய்வந்த பயணங்களுக்குத் தனிவழி என்று பெயரா? படங்களில் அவர்கள் இருவரையும் வெட்டி எடுத்துவிடப் போகிறீர்களா? அந்த ஆறு வயதுக்காரன் இன்னும் சில வருடத்தில் எழுத்துக்கூட்டி இதைப் படிப்பான். "அப்பா, அன்னைக்கு நானும் வந்தேனே?" என்று கேட்டால், மவுசு என்று பதில் சொல்வீர்களா?

பள்ளிக்கூடத்தில் நம்மில் பலர் மனப்பாடம் செய்த மஞ்சள் பூக் கவிதையில் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் மேகம் போலத் தனியாகத் திரிந்ததாகச் சொல்வார். அவர் தனியாகப் போகவில்லை. 1802 ஏப்ரல் 15 அன்று தங்கை டோரத்தியும் கூட நடந்தாள். அந்தப் பூக்களைப் பற்றித் தன் நாட்குறிப்பில் விரிவாக எழுதியும் வைத்தாள். கவிதை வெளியானது 1807-இல். அதிலும், தனிமையின் பேரின்பம் பற்றி வரும் இரண்டு வரிகள் தன் மனைவி மேரி கொடுத்தவை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தனிமையின் பெருமையைச் சொல்லக்கூட அவருக்கு வீட்டில் ஆள் தேவைப்பட்டிருக்கிறது! கவிதைக்கு அதெல்லாம் செல்லும். போக்குவரத்தும் செலவும் சொல்லி, அதை நம்பி இன்னொருவர் குழந்தையோடு கிளம்பப்போகிற பிளாக்கில் இது பொய்.

பிழைப்பு வழியில் பார்த்தாலும் இது முட்டாள்தனம்தான். பயணத்துக்குத் தேடுகிறவர்கள் எழிலைத் தேடுவதில்லை. எத்தனை படி, தள்ளுவண்டி போகுமா, ராத்திரி பதினொரு மணிக்கு இறங்கினால் வண்டி கிடைக்குமா, ஆறு வயதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று தேடுகிறார்கள். சின்னக் கேள்விக்குச் சரியான பதில் இருக்கும் பக்கத்தைத்தான் திறந்து படிக்கிறார்கள். தனியாகத் திரிகிற இளைஞன் இந்தப் பதிலை எழுத முடியாது. உங்கள் வீட்டில் நான்கு வருடத்துக்கான பதில் தயாராக இருக்கிறது.

நீங்கள் கேட்ட மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாக்கர் 1999-இல் வந்தது, 2003 முதல் கூகுளுடையது, இலவசம், எளிது. வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது. அதில் இரண்டு வகை. ஒன்று, அவர்கள் தளத்திலேயே கணக்குத் திறப்பது. இலவசமாகத் தொடங்கலாம், ஆனால் முகவரியில் அவர்கள் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றது, அந்த மென்பொருளை இறக்கிக்கொண்டு, தளத்தை வைக்க வாடகைக்கு இடம் (ஹோஸ்டிங்) எடுத்து நீங்களே நடத்துவது. பத்துப் பதிவு எழுதுகிறவரை இலவசமே போதும். அதற்கு மேலும் கை ஓடினால் சொந்த டொமைன் வாங்குங்கள். அதை உங்கள் வீட்டு மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள், அமைத்துக்கொடுக்க வந்தவரின் கணக்கில் வேண்டாம். முதல் வருடக் கட்டணத்தைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். எழுதியதற்கெல்லாம் ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும். அவரவர் சொந்தப் பக்கம் அமைத்துக்கொள்ள ஜியோசிட்டீஸ் என்று ஒரு தளம் இருந்தது, கோடிக்கணக்கான பக்கங்கள். 2009-இல் யாகூ அதை இழுத்து மூடியபோது, நகல் வைத்துக்கொள்ளாதவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

கேமரா வேண்டாம், போன் போதும். படத்தைச் சிறிதாக்கிப் போடுங்கள். 1600 பிக்சல் அகலம் தாராளம். உங்கள் பதிவைப் படிப்பவர் ரயில் நிலையத்தில் அரைகுறை சிக்னலில் நின்றுகொண்டிருப்பார். போன் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறியீடும் பதிந்திருக்கலாம், அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். போன ஊரில் இருக்கும்போதே பதிவு போடாதீர்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். பையன் முகம் தெரிகிற படம் போடுவதா வேண்டாமா என்பது இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

வருமானம்? விளம்பரத்தில் வரும் காசு எத்தனை பேர் பார்த்தார்கள், கிளிக் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. அறை, டிக்கெட் இணைப்புகளில் கமிஷன் உண்டு. கமிஷன் வாங்கினால் அதைப் பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். இலவசமாகத் தங்கவைத்தாலும் அப்படித்தான். இத்தனை மாதத்தில் சம்பளம் மாதிரி வரும் என்று யாராவது கணக்குச் சொன்னால், அடுத்து உங்களிடம் ஏதோ வகுப்புக்குப் பணம் கேட்கப்போகிறார் என்று அர்த்தம். வேலையை விடாதீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒரு பதிவுகூட எழுதாதவர் கேட்கிற கேள்வியா இது? இதை மனைவியிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

குடும்பம் என்றால் ஒருவர் சம்பாதித்து மற்றவர் பார்த்துக்கொள்வது என்று நான் நினைப்பவன் இல்லை. ஒருவர் செய்ததை மற்றவர் 'நான் செய்தேன்' என்று சொல்லாதிருப்பதும் அதில் அடக்கம். சொத்து விஷயத்தில் இதைச் செய்தால் ஊரே பேசும். எழுத்தில் செய்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, பாதிக்கப்பட்டவர்கூட வாய் திறப்பதில்லை. நோட்டைக் கொண்டுவருவதை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

இன்றைக்குப் பையன் தூங்கிய பிறகு மனைவியிடம் அந்த நோட்டைக் கேளுங்கள். நீங்களாக அலமாரியைத் திறந்து எடுக்காதீர்கள். ஒரே ஒரு பயணத்தின் பக்கங்களைச் சேர்ந்து படியுங்கள். அவர் கையெழுத்தில் புரியாத இடங்கள் இருக்கும், விளக்கச் சொல்லுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதுதான் உங்கள் முதல் பதிவு. நீங்கள் தட்டச்சு செய்யலாம், படங்களைச் சேர்க்கலாம். மேலே அவர் பெயரும் வர வேண்டும், அவர் சம்மதித்தால். 'இது என் நோட்டு, ஊருக்குக் காட்ட இஷ்டமில்லை' என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு உங்களுக்கென்று ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பையை நீங்கள் தூக்கிக்கொண்டே அதில் எழுதிப் பாருங்கள்.

'தனிவழிப் பயணி'க்கு இன்னும் பணம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள்.