ஆச்சியிடமிருந்து வந்த பயமா இது?

மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு வயது 36. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது தாராவியில், கல்யாணத்துக்கு அப்புறம் சயான் கோலிவாடா. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

என் கணவருக்கு அந்தேரியில் வேலை. தாதரில் ரயில் மாறி எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். எட்டு ஐந்து ஆனால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். எட்டேகாலுக்கு நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிசையும். போன மாதம் ஒருநாள் அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. 23 தடவை கூப்பிட்டிருக்கிறேன். அவர் சாவகாசமாக வடா பாவ் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

எங்கள் ஆச்சி இப்படித்தான். அம்மாவும் அப்பா ஷிப்ட் முடிந்து வரும்வரை சோறு தொட மாட்டாள். இதைப் பார்த்துத் தம்பி, எச்சிலை அனுப்பினால் ஜீன் பார்த்துச் சொல்லும் பரிசோதனை ஒன்றை எனக்கு வாங்கிக் கொடுத்தான். 'செரட்டோனின் ஜீன்: ஷார்ட், ஷார்ட். பதற்றத்துக்கு அதிக வாய்ப்பு' என்று சிவப்பு எழுத்தில் ரிப்போர்ட் வந்தது. அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

என் மகளுக்கு ஏழு வயது. எட்டு மணி ஆனால் அவள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள். "அப்பா வந்துடுவாராம்மா?" என்கிறாள். இது ரத்தத்திலேயே இருப்பதுதானா? அவளுக்கும் இந்த டெஸ்ட் எடுக்கட்டுமா?

சயானிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிடுவோம்.

செரட்டோனின் என்பது நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். மூளையில் ஒரு நரம்புச் செல் அதை வெளியே விட்டதும், வேலை முடிந்த மிச்சத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தை உருவாக்கும் ஜீன் 17-வது குரோமோசோமில் உள்ளது. அந்த ஜீனின் முகப்பில் சிலருக்குச் சுமார் 44 டி.என்.ஏ. எழுத்துகள் குறைவாக இருக்கும். 'ஷார்ட்', அதாவது குட்டை, என்பது அவ்வளவுதான். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இந்த ஜீன் நமக்கு இரண்டு பிரதி இருப்பதால்தான் ரிப்போர்ட்டில் அது இரண்டு தடவை வந்திருக்கிறது. குட்டை வடிவம் இருந்தால் அந்தப் புரதம் கொஞ்சம் குறைவாக உருவாகும்.

1996-இல் 505 பேரை வைத்துச் செய்த ஆய்வுதான் இதையும் பதற்ற சுபாவத்தையும் முதலில் முடிச்சுப் போட்டது. அந்த ஆய்வே கண்டது என்ன தெரியுமா? ஆளுக்கு ஆள் பதற்றம் வேறுபடுவதில் வெறும் 3 முதல் 4 சதவீதம் வரைதான் இந்த ஜீனால் என்று. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த எண்ணை எங்காவது போட்டிருந்தார்களா?

2002-இல் 28 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, பயந்த முகங்களையும் கோப முகங்களையும் காட்டினார்கள். குட்டை வடிவம் உள்ளவர்களுக்கு அமிக்டலா என்ற பகுதி கூடுதலாகத் துடித்தது. ஆபத்து என்றால் மூளையில் முதலில் மணியடிக்கும் இடங்களில் அது ஒன்று. பரபரப்பான கண்டுபிடிப்புதான். ஆனால் பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மிகச் சிறியதாகச் சுருங்கிவிட்டது. நியூசிலாந்தின் டுனீடின் நகரில், குட்டை வடிவம் இருந்து வாழ்க்கையில் அடியும் பட்டால் மனச்சோர்வு வரும் என்று 2003-இல் சொன்னார்கள். 2009-இல் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைத் திரட்டிப் பார்த்தபோது அதுவும் நிற்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. பதற்றத்துக்கு மனநல மருத்துவர்கள் கொடுக்கும் ஒருவகை மாத்திரைகள் இதே புரதத்தைத்தான் அடைக்கின்றன. அது குறைந்தால் பதற்றம் என்றால், அதை அடைக்கும் மாத்திரை பதற்றத்தைத் தணிப்பது எப்படி? செரட்டோனின் விஷயம் அப்படி ஒற்றைக் கணக்கில் அடங்காது. ஜப்பானில் பெரும்பாலானோருக்குக் குட்டை வடிவம்தான் இருக்கிறது. அதற்காக நாடே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கவில்லை.

அப்படியானால் பரம்பரையே கிடையாதா என்றால், உண்டு. இரட்டையர் ஆய்வுகளின்படி, பதற்றக் கோளாறில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குப் பரம்பரை காரணம். அது ஒரு ஜீன் செய்வதல்ல. எத்தனையோ ஜீன்கள் ஆளுக்குத் துளியாகச் சேர்ந்து செய்வது. உங்கள் ஆச்சி கொடுத்தது அதில் எது என்று எந்த எச்சில் டெஸ்ட்டும் சொல்லாது.

மகளுக்கு டெஸ்ட் வேண்டாம். ரிப்போர்ட் சரி என்றே வைத்துக்கொண்டாலும், உங்களிடம் இரண்டும் குட்டை என்பதால் அவளுக்கு ஒன்று வந்தேதான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளக் காசு எதற்கு? தெரிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எனக்கு உங்கள் கடிதத்தில் உறைத்த இடம் வேறு. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ஸ்கேனுக்குள் படுத்தவர்களுக்குக் காட்டியதும் பயந்த முகங்களைத்தானே? ஸ்வீடனில் இரட்டையர் குடும்பங்களை வைத்து 2015-இல் வந்த ஆய்வு, பெற்றோரின் பதற்றம் பிள்ளைகளுக்குப் போவதில் ஜீனைவிட வீட்டில் கூடவே இருந்து பார்ப்பதற்கே பங்கு அதிகம் என்றது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஜீனை மாற்ற முடியாது. எட்டு மணிக்கு நடப்பதை மாற்றலாம்.

கணவரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தாதரில் ரயில் ஏறும்போது ஒரு மெசேஜ், அவ்வளவுதான். எட்டரை வரை நீங்கள் கூப்பிடக் கூடாது. முதல் வாரம் பிராணன் போகிற மாதிரி இருக்கும். அப்போது பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் குறியுங்கள். ஒன்பதுக்கு ஏறியது தானாக இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். பழகியதும் எட்டரையை எட்டே முக்கால் ஆக்குங்கள். அப்புறம் அந்த மெசேஜையும் நிறுத்திவிடலாம். மகள் கேட்டால் "ஒண்ணுமில்லடி" என்று மறைக்காதீர்கள், அவளுக்குத் தெரிந்துவிடும். "அம்மாவுக்குக் கொஞ்சம் படபடன்னு இருக்கு, சரியாயிடும், வா சப்பாத்தி உருட்டலாம்" என்று சொல்லுங்கள்.

படபடப்பு இருப்பதால் தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். அவர் மாத்திரை எழுதினால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்காம் நாளே கேட்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நேரில் போகும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உங்கள் அம்மா உடன் இருந்தால், இந்த எட்டரை ஏற்பாட்டை அவரிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் கூப்பிடாமல் இருக்கும்போது அவர் கூப்பிட்டுவிடப் போகிறார்.