மாத்திரை: நீங்கள் கேட்டவை

இலக்கணத்திலும் மாத்திரை, மருந்துக் கடையிலும் மாத்திரை. என்ன தொடர்பு ஐயா? (பத்தாம் வகுப்பு மாணவி)

அளவுதான் தொடர்பு, அம்மா. இலக்கணத்தில் எழுத்தை ஒலிக்கும் நேரத்தின் அளவு; இயல்பாக ஒரு முறை கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. வைத்தியத்தில் ஒரு வேளைக்கு இவ்வளவு என்று அளந்து உருட்டிய மருந்து.

கண் இமைக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறுமே?

மாறும். அதனால்தான் நன்னூல் ‘இயல்பெழு மாந்தர் இமைநொடி’ என்கிறது; வலிந்து இமைப்பது கணக்கில் வராது. கைநொடிக்கு ஒரு பழைய சூத்திரம் இன்னும் நுணுக்கமானது: நொடிக்க நினைப்பது கால், விரலை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுப்பது ஒன்று. நினைப்புக்கும் நேரம் ஒதுக்கிய அந்தக் கூர்மையை எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன்! ஆனால் கடிகாரக் கணக்கு இங்கே தேவையில்லை. குறில் 1, நெடில் 2, மெய் அரை என்ற விகிதம் பிசகாமல் இருந்தால் போதும்.

‘மாத்திரை’ என்ற சொல்லுக்கு எத்தனை மாத்திரை?

நாலரை. மா 2, த் அரை, தி 1, ரை 1. ‘ரை’க்கு 2 போட்டு ஐந்தரை என்று எழுதிவிடாதீர்கள், சொல்லின் கடைசியில் ஐகாரம் குறுகி ஒன்றாகிவிடும்.

மிருதங்க வகுப்பில் ஆதி தாளத்துக்கு 8 என்கிறார்கள், பிறகு 32 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி தம்பி. அட்சரம், அதாவது தாளத்தின் எண்ணிக்கை, 8. அதை நான்கு நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் ஒவ்வொரு அட்சரத்துக்கும் ‘தகதிமி’ என 4 மாத்திரை, ஆக 32. திஸ்ர நடையில் ‘தகிட’ என்று மூன்று மூன்றாகப் போனால் 24. ஐந்து ஐந்தாகப் போகும் கண்ட நடை என்றால் 40.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் மருந்து மாத்திரையைக் குளிசை என்போம். அது தவறா?

தவறே இல்லை. சித்த மருத்துவத்திலும் குளிகை என்ற பெயர் உண்டு. மருந்துச் சரக்கைக் கல்வத்தில் (மருந்து அரைக்கும் கல்லில்) சாறு விட்டு அரைத்து, உளுந்தளவோ மிளகளவோ உருட்டி உலர்த்துவார்கள்.

கவிதையிலும் மாத்திரை விளையாட்டு உண்டாமே?

உண்டு. சொல் விளையாட்டுப் பாடல்களான சித்திரகவியில் மாத்திரைச் சுருக்கம் என்று ஒரு வகை. ஒரு மாத்திரை குறைத்தால் வேறு சொல் கிடைக்க வேண்டும்: பாடம், படம். ‘கோடு, கொடு’ சேராது. கோடு என்பதில் ‘டு’ குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் உகரம்), அரை மாத்திரை. கொடு என்பதில் அது முழு ஒன்று. வித்தியாசம் அரைதான் வரும்.