பிரஷோவிலிருந்து கோட்டைத் தேவாலயங்களுக்கு ஒரு நாள்: கேள்வி பதில்

ருமேனியாவில் பிரஷோவ் நகரில் வசிக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் டிரான்சில்வேனியா பகுதியின் பழைய சாக்ஸன் கிராமங்களையும், அங்கே மதில் கட்டிக் கோட்டையாக்கிய தேவாலயங்களையும் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும். சாக்ஸன்கள் என்றால் இங்கே குடியேறிய ஜெர்மன்காரர்கள். அந்த ஒரு நாள் சுற்றைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, டிராகுலா கோட்டையையும் இந்தத் தேவாலயங்களையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. டிராகுலா கோட்டை என்று சொல்லும் பிரான் கோட்டை பிரஷோவுக்குத் தென்மேற்கே இருக்கிறது, கிராமங்களோ வடக்கே. பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். இன்னொன்று: பிரான் கோட்டையைக் கட்டியவர்களும் இதே சாக்ஸன்கள்தான். கணவாயைக் காக்கவும் வணிகப் பாதையில் சுங்கம் வாங்கவும், பிரஷோவ் மக்கள் தங்கள் சொந்தச் செலவில் கோட்டை கட்டிக்கொள்ள ஹங்கேரி மன்னர் முதலாம் லாயோஷ் 1377-இல் அனுமதி கொடுத்தார். ரத்தம் குடிக்கும் பிரபு இருந்த இடம் இல்லை அது, ஒரு பெரிய சுங்கச்சாவடி!

ருமேனியாவுக்குள் ஜெர்மன்காரர்கள் எப்படி வந்தார்கள்?

அப்போது இது ஹங்கேரி மன்னரின் எல்லைப் பகுதி. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில், இரண்டாம் கேசா மன்னர் காலத்தில், ரைன், மொசெல், லக்ஸம்பர்க் பக்கங்களிலிருந்து குடியானவர்களை அழைத்து இங்கே குடியமர்த்தினார்கள். சாக்ஸன் என்று பெயர் வந்துவிட்டதே தவிர, பெரும்பாலோர் சாக்ஸனியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 1224-இல் இரண்டாம் ஆந்த்ராஷ் மன்னர் ஒரு சாசனம் கொடுத்தார். ஆண்டுக்கு 500 வெள்ளி மார்க் வரி, போர் வந்தால் வீரர்கள். பதிலுக்குத் தங்கள் பாதிரியாரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை, தலைக்கு மேல் ஜமீன்தார் யாரும் இல்லாத நிலம். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதில் அதில்தான் நிற்கிறது.

சாமி கும்பிடும் இடத்தை ஏன் கோட்டை ஆக்கினார்கள்?

ஜமீன்தார் இருந்தால் அவருக்கு ஒரு கோட்டை இருக்கும், ஆபத்து வந்தால் ஊரே ஓடிப்போய் அதற்குள் ஒளியலாம். இவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. 1241-இல் மங்கோலியர் வந்து சூறையாடினார்கள். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து துருக்கியர் படையெடுப்பு. பிரஷோவ், சிபியு மாதிரி நகரங்களில் பணக்காரக் கைவினைச் சங்கங்கள் இருந்ததால் நகரையே சுற்றி மதில் எழுப்பிவிட்டார்கள். கிராமத்துக்கு அந்த வசதி ஏது? ஊரில் உறுதியான கல் கட்டடம் என்றால் அது தேவாலயம் ஒன்றுதான். அதைச் சுற்றி மதில் கட்டினார்கள்.

இது எப்படிப் போதுமானதாக இருந்தது என்றால், வந்தவர்களில் பெரும்பாலோர் ஊரைப் பிடித்து ஆள வந்தவர்கள் இல்லை. ஆட்களையும் மாடுகளையும் தானியத்தையும் அள்ளிக்கொண்டு போக வந்த குதிரைப் படை. சில நாள், சில வாரம் தாக்குப்பிடித்தால் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

பிரெஷ்மெர் ஊரில் இதை அப்படியே பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மொட்டையான வட்ட மதில். உள்ளே நுழைந்ததும், மதிலின் உட்புறம் முழுக்க மரப்படிகளும் நடைகளும் வைத்து அடுக்கடுக்காக 270-க்கும் மேற்பட்ட சிறு அறைகள். குடும்பத்துக்கு ஓர் அறை, கதவில் வீட்டு எண். முற்றுகைக் காலத்திலும் பிள்ளைகள் படிப்பு நிற்கக்கூடாது என்று ஒரு பள்ளி அறைகூட உண்டு. இந்தக் கோட்டை வீழ்ந்தது ஒரே ஒரு முறை, 1611-இல். பிடித்தவர் துருக்கியர் இல்லை, டிரான்சில்வேனியாவின் சொந்த இளவரசர் காபோர் பாத்தோரி!

கெல்னிக் என்ற ஊரில் கதை தலைகீழ். அங்கே 13-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு தனக்கென்று கட்டிய கோட்டையை ஊர்க்காரர்கள் 1430-இல் விலைக்கு வாங்கினார்கள். எனக்கு மிகப் பிடித்த தகவல் இதுதான்.

‘பன்றிக்கொழுப்புக் கோபுரம்’ என்று படித்தேன். கிண்டலா, நிஜமா?

நிஜம். குளிர்ச்சியான கோபுரத்தில் ஒவ்வொரு வீட்டின் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் கொக்கியில் தொங்கும். குறிப்பிட்ட நாளில் மட்டும் கதவு திறக்கும். தேவையானதை வெட்டிக்கொண்டு, வெட்டிய இடத்தில் முத்திரை குத்திவிட வேண்டும். அடுத்தவர் கை வைத்தால் தெரிந்துவிடும். ஆபத்துக் காலத்துக்கான இருப்பு எப்போதும் மதிலுக்குள் இருக்கும், வீட்டுக்கு வீடு சண்டையும் வராது. தர்ஷியு என்ற ஊரில் இன்றும் கோட்டைக்குள் கொழுப்பு வைக்கிறார்கள். அது சாக்ஸன் ஊர் இல்லை, ஹங்கேரிய மொழி பேசும் செக்கேய் மக்களின் ஊர். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஏழு கிராமங்களில் அது ஒன்றுதான் அப்படி.

பியெர்தானில் விவாகரத்து கேட்ட தம்பதியை ஒரே அறையில் பூட்டிவைப்பார்களாமே?

ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு கரண்டி என்று வழிகாட்டி சொல்லும்போது எல்லோரும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். பியெர்தானும் ஒரு சாக்ஸன் கிராமம்தான்; 1572 முதல் 1867 வரை லூதரன் ஆயரின் இருக்கை அங்கே இருந்தது. அதனால் மண வழக்குகள் அங்கே வந்தது இயல்பு. ஆனால் ‘300 ஆண்டில் ஒரே ஒரு விவாகரத்து’ என்ற கணக்கை நான் நம்பவில்லை. அந்த அறையைவிட, தேவாலயத்தின் விலையுயர்ந்த பொருள்களை வைக்கும் அறைக் கதவின் பூட்டைப் பாருங்கள். ஒரு சாவியைத் திருப்பினால் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தாழ்கள் நாலா பக்கமும் பாயும். 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கே போய் வந்த பூட்டு அது.

ஒரே நாளில் ஏழு கிராமத்தையும் முடிக்கத் திட்டம் போட்டுத் தாருங்கள்.

தரமாட்டேன். ஏழும் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. மூன்றாவது தேவாலயத்துக்குப் பிறகு எல்லா மதிலும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிக்கும், வண்டியை விட்டு இறங்கவே மனம் வராது.

காலை எட்டு மணிக்குக் கிளம்பி முதலில் பிரெஷ்மெர், சுமார் 18 கி.மீ.தான். அங்கே ஒன்றரை மணி நேரமாவது இருங்கள். பிறகு ருபேயா வழியாக விஸ்கிரி, அங்கே சாப்பாடு. தேவாலயத்தைவிடத் தெருவில் அதிக நேரம் நடங்கள்: வாசலில் பெரிய மரக்கதவு, உள்ளே நீண்ட முற்றம், கடைசியில் வைக்கோல் கொட்டகை, எல்லா வீடும் ஒரே வரிசை. அடுத்து சஸ்கீஸ், கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். மாலையில் சிகிஷோவாரா நகரம். இரவு அங்கே தங்குவதாக இருந்தால் மட்டும் மறுநாள் பியெர்தான்.

பொதுப் போக்குவரத்தை நம்பி வராதீர்கள். சிகிஷோவாராவுக்கு ரயில் உண்டு, விஸ்கிரிக்கு இல்லை. கார் எடுப்பவர்கள் நெடுஞ்சாலைக் கட்டணமான ‘ரோவினியேத்தா’ கட்டியிருக்கிறதா என்று வாடகைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, நாங்கள் லண்டனில இருந்து வாறம். சார்ல்ஸ் மன்னருக்கு அங்க வீடு இருக்காமே, பாக்கலாமோ?

இருக்குது. இளவரசராக இருந்தபோதே, 2006-இல், விஸ்கிரியில் ஒரு பழைய பண்ணை வீடு வாங்கினார். நீல நிறச் சுவர், தெருவில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அவரால் பழைய வீடுகளைப் பழைய முறையிலேயே சுண்ணாம்பும் ஓடும் வைத்துப் பழுதுபார்க்கும் பழக்கம் வந்தது, நல்லது. கூடவே கோடையில் கூட்டமும் வந்தது. சனிக்கிழமை போகாதீர்கள் என்பதுதான் என் யோசனை.

சாக்ஸன்கள் இப்போதும் அங்கே இருக்கிறார்களா?

விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான், பல ஊர்களில் ஒருவர்கூட இல்லை. 1945 ஜனவரியில் ருமேனிய ஜெர்மானியரில் சுமார் 70,000 பேரைச் சோவியத் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போனார்கள். பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் செளசெஸ்கு காலத்தில் மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஆட்களை வெளியே எடுத்தது. அப்படிப் போனவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். 1989-இல் ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்ததும் மிச்சமிருந்தவர்களும் கிளம்பினார்கள். 800 ஆண்டு மங்கோலியருக்கும் துருக்கியருக்கும் அசையாத ஊர்கள் இரண்டே வருடத்தில் காலியாகின. வீடுகளில் இப்போது ருமேனியர்களும் ரோமா (ஜிப்சி) மக்களும் வாழ்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும் பழைய குடும்பங்களும் உண்டு. 2014 முதல் 2025 வரை நாட்டின் அதிபராக இருந்த கிளாஸ் யோஹானிஸ் ஒரு சாக்ஸன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆள் இல்லாத கட்டடம் என்ன ஆகும்? 2016 பிப்ரவரியில், ஒரே வாரத்தில், ரொதெஷ், ரொத்பாவ் என்ற இரண்டு ஊர்களின் தேவாலயக் கோபுரங்கள் இடிந்து விழுந்தன. நீங்கள் கொடுக்கும் நுழைவுச்சீட்டுக் காசை அலட்சியமாக நினைக்காதீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

‘தே போஸ்ட்’ என்று கேளுங்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாடு அது; இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்த்து வதக்கி அரைத்த ‘ஜகுஸ்கா’வை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டால் நம் நாக்குக்குப் பிடிக்கும், என்ன, காரம்தான் இருக்காது.

இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டுமா?

ஷெங்கன் விசா போதும். 2025 ஜனவரி முதல் ருமேனியா முழு ஷெங்கன் உறுப்பு நாடு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்து வரலாமா?

பிரெஷ்மெர் சமதளம், உள்முற்றம் வரை சிரமம் இல்லை. மேல் அறைகளுக்கு நீங்கள் மட்டும் ஏறுங்கள். விஸ்கிரியில் கொஞ்சம் ஏற்றம். பியெர்தான் குன்றின் மேல் இருக்கிறது, அம்மாவைக் கீழே காபிக் கடையில் உட்காரவைத்துவிடுங்கள்.

போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருந்தால்?

சிறிய ஊர்களில் அப்படித்தான் இருக்கும். சாவி பக்கத்து வீட்டிலோ, எதிர் வீட்டுப் பாட்டியிடமோ இருக்கும். கேட்டில் தொலைபேசி எண் ஒட்டியிருப்பார்கள். ஞாயிறு காலை ஆராதனை நடந்தால் முடியும்வரை வெளியே நில்லுங்கள். கையில் சில்லறையாக லெய் (ருமேனியப் பணம்) நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அட்டை எல்லா இடத்திலும் செல்லாது.