மலிவான இறக்குமதி பிரேக் டிஸ்க் வாங்கலாமா?

காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க் மாற்ற வேண்டும், இறக்குமதிச் சரக்கு பாதி விலைக்குக் கிடைக்கிறது, உள்நாட்டுத் தயாரிப்புக்குக் கூடுதல் காசு கொடுப்பது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்த நாட்டுச் சரக்கு என்பதைவிட அதில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று பாருங்கள். கடையில் இரண்டையும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே அளவு டிஸ்க்கில் ஒன்று கணிசமாக எடை குறைந்தால், தகடோ நடுவில் காற்றுப் போகும் இடைச்சுவர்களோ மெலிந்திருக்கும். பிரேக்கின் சூட்டை வாங்கிக்கொள்வதே அந்த வார்ப்பிரும்புதான். ஊட்டி, கொல்லிமலை என்று இறங்குபவர் இதில் கஞ்சம் பார்க்கக் கூடாது. ஊருக்குள் மட்டும் ஓடும் சின்ன காருக்கு, பெயர் தெரிந்த நிறுவனத்தின் இறக்குமதி டிஸ்க் தாராளமாகப் போதும். எவ்வளவு தேயும்வரை ஓட்டலாம் என்று காட்டும் குறைந்தபட்ச தடிமன்கூடப் பொறிக்காத, பேரில்லாத சரக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்களே, அது பல சமயம் ஹப்பில், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதியில், இருக்கும் துருவைச் சுரண்டாமல் மாட்டியதால் வருவது. 0.1 மி.மீ. கோணல்கூட நாளடைவில் பெடலில் துடிப்பாகத் தெரியும். ஹப்பைச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் ஜோடியாக, புது பிரேக் பேடோடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாட்டச் சொல்லுங்கள்.